“ஒண்ணுமில்ல”ன்னு சொன்னப்புறமும் மார்பகத்துல அந்த மாற்றம் போகலையா? டாக்டர்கிட்ட எப்படிக் கேக்கணும்?

[திரையில்: தலைப்பு மட்டும்]

மார்பகத்துல ஏதோ ஒரு மாற்றம் தெரியுது. டாக்டர்கிட்ட போறீங்க. தொட்டுப் பாத்துட்டு, “பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல”ங்கிறாங்க. அந்த நிமிஷம் மனசு லேசாகிடுது. ஆனா சில வாரம் கழிச்சும் அது அங்கேயே இருக்கு. திரும்பப் போனா “சும்மா பயந்துக்கிட்டே இருக்காங்க”ன்னு நினைப்பாங்களோன்னு ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்துல இருக்கிறவங்களுக்காகத்தான் இந்த வீடியோ.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். “புற்றுநோய் இல்ல”ங்கிறது பாதி பதில். “அப்ப இது என்ன?”ங்கிற கேள்விக்குப் பதில் வந்தாத்தான் அது முழுசாகும். நீர்க்கட்டியா, தொற்றா, ஹார்மோன் மாற்றமா? அதுக்கு ஒரு பேர் வேணும். எதை வச்சு அந்தப் பேரைச் சொல்றாங்கங்கிறதும் தெரியணும். இந்த ரெண்டும் கிடைக்கிற வரைக்கும் கேக்குறது உங்க உரிமை.

முதல்ல பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைப்போம். மார்பகத்துல வர்ற கட்டிகள்ல பெரும்பாலானது புற்றுநோய் இல்ல. இருபதுகள்லயும் முப்பதுகள்லயும் அதிகமா பாக்குறது ஃபைப்ரோஅடினோமாங்கிற கட்டி. விரலுக்கு அடியில வழுக்கிக்கிட்டு நகரும். முப்பத்தஞ்சு வயசுக்கு மேல, மாதவிடாய் நிக்கிற வரைக்கும், நீர்க்கட்டிகள் சகஜம். பால் குடுக்கிறவங்களுக்குப் பால் கட்டிக்கிறதும், அதுல தொற்று வந்து சீழ் பிடிக்கிறதும் உண்டு. அடிபட்ட இடத்துல கொழுப்பு இறுகிக் கட்டியாகுறதும் உண்டு. வலி மட்டும் இருந்து வேற எந்த மாற்றமும் இல்லைன்னா, அது புற்றுநோயா இருக்கிறது அபூர்வம்.

ஆனா இது எல்லாமே சோதிச்சுப் பாத்த பிறகு வைக்கிற பேர். புற்றுநோய்க் கட்டிகள்லயும் சிலது வழவழன்னு, நகர்ற மாதிரி இருக்கும். வலிக்காத கட்டி ஆபத்தில்லாததுன்னு பலர் நினைக்கிறாங்க, அது தப்பு. தொட்டுப் பாத்து மட்டும் யாராலயும், எவ்வளவு அனுபவம் உள்ள டாக்டராலயும், உறுதியாச் சொல்ல முடியாது.

[திரையில்: மார்பகத்தின் எளிய வரைபடம். காம்பு, அதைச் சுற்றிய கருவட்டம், அக்குள் ஆகியவை ஒளிர்கின்றன]

எந்த மாற்றத்தைக் காட்டணும்? கட்டின்னா எல்லாருக்கும் தெரியும். அதனால கட்டியே இல்லாம வர்றதைப் பத்தி கொஞ்சம் விரிவாப் பேசுறேன். தவற விடுறது அதிகமா இங்கதான் நடக்குது.

ஒரு மார்பகம் திடீர்னு சிவந்து, வீங்கி, சூடா, கனமா இருக்கு. தோல் தடிச்சு, ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழி குழியாத் தெரியுது. இது தொற்றா இருக்கலாம். அழற்சி வகை மார்பகப் புற்றுநோயும் இப்படித்தான் ஆரம்பிக்கும். மொத்த மார்பகப் புற்றுநோய்ல அது 1-லிருந்து 5 சதவீதம்தான். ஆனா வாரக் கணக்குல வேகமாப் பரவும், பல நேரம் கட்டியே தட்டுப்படாது. முதல்ல ஆன்டிபயாட்டிக் குடுக்கிறது தப்பில்ல. ஒரு வாரம், பத்து நாள்ல முழுசா சரியாகலைன்னா அடுத்த கோர்ஸ் மாத்திரைன்னு நிறுத்திக்கக் கூடாது. ஸ்கேன், தேவைப்பட்டா தோல்லயிருந்து பயாப்ஸி (கொஞ்சம் திசு எடுத்துச் சோதிக்கிறது)ன்னு போகணும். பால் குடுக்கிறவங்ககிட்ட இதை ரொம்ப அழுத்திச் சொல்ல ஆசைப்படுறேன். “பால் கட்டியிருக்கு”ங்கிற ஒரு வரியில மாசக்கணக்கு ஓடிடும். பால் குடுக்கிற காலத்துலயும், கர்ப்பமா இருக்கும்போதும்கூட அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம், பயாப்ஸியும் செய்யலாம்.

அடுத்தது, காம்புல வர்ற அரிப்பு, செதில், ஆறாத புண். பாக்க படை மாதிரியேதான் இருக்கும். சாதாரணப் படை பெரும்பாலும் சுத்தியிருக்கிற கருவட்டத்துல ஆரம்பிக்கும், ரெண்டு பக்கமும் வரலாம். ஒரே பக்கம், காம்புலயே ஆரம்பிச்சு வெளிய பரவுதுன்னா, பேஜட் நோயான்னு பாக்கணும். அது காம்புல வர்ற ஒரு வகைப் புற்றுநோய். ஜேம்ஸ் பேஜட்ங்கிற டாக்டர் 1874-லயே எழுதி வச்சது இது. ஸ்டீராய்டு களிம்பு போட்டா கொஞ்ச நாள் அடங்குற மாதிரி தெரியும், அதுதான் ஏமாத்துற இடம். நோயோட பேரைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. “இது பேஜட் இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?”ன்னு கேக்க அந்தப் பேர் உதவும்.

கட்டியா உருளாம, ஒரு பகுதி மட்டும் தடிச்சு இறுகின மாதிரி இருக்கிறதையும் காட்டணும். லோபுலர்ங்கிற வகைப் புற்றுநோய், பரவுற மார்பகப் புற்றுநோய்கள்ல சுமார் 10-லிருந்து 15 சதவீதம், பல நேரம் இப்படித்தான் வரும்; மேமோகிராம்ங்கிற மார்பக எக்ஸ்ரேலயும் சுலபமாத் தெரியாது. இதோட, புதுசா உள்ள இழுத்துக்கிட்ட காம்பு, தோல்ல விழுற குழி, அக்குள்ல நெறி, அழுத்தாமலே ஒரு பக்கக் காம்புல மட்டும் கசியுற ரத்தம் அல்லது தண்ணி மாதிரியான திரவம், இதையெல்லாமும் காட்டணும்.

ஆண்களும் கேளுங்க. மார்பகப் புற்றுநோய்ல 0.5-லிருந்து 1 சதவீதம் ஆண்களுக்கு வருது. காம்புக்கு அடியில கட்டின்னா நீங்களும் காட்டணும்.

மாசாமாசம் தேதி குறிச்சு சுயபரிசோதனை செஞ்சே ஆகணுமான்னு கேப்பீங்க. ஷாங்காய்ல சுமார் 2,66,000 பெண்களை வச்சு நடந்த பெரிய ஆய்வு 2002-ல வெளியாச்சு. சுயபரிசோதனை கத்துக்குடுத்ததால இறப்பு குறையல. புற்றுநோய் இல்லாத கட்டிகளுக்குப் பயாப்ஸிதான் கூடுச்சு. அதனால சடங்கு மாதிரி செய்ய வேண்டாம். உங்க உடம்பு வழக்கமா எப்படி இருக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா, வழக்கம் மாறும்போது உங்களுக்குத்தான் முதல்ல தெரியும். அதை வாயைத் திறந்து சொல்றதுதான் வேலை.

[திரையில்: ஒரு நோட்டுப் பக்கம். வரிகள் ஒவ்வொன்றாக எழுதப்படுகின்றன]

போறதுக்கு முன்னாடி எழுதி வச்சுக்கோங்க. எந்தத் தேதியில முதல்ல பாத்தீங்க. எந்தப் பக்கம். கடிகார முகப்பு மாதிரி நினைச்சுக்கிட்டு, “இடது பக்கம், 2 மணி இடத்துல, காம்புலயிருந்து மூணு விரல் தள்ளி”ன்னு குறிச்சுக்கோங்க. டாக்டர்களும் இப்படித்தான் எழுதுவாங்க. பீரியட்ஸுக்கு முன்ன பெருசாகி அப்புறம் குறையுதா, குறையவே இல்லையா? தோல்ல மாற்றம்னா சில நாளுக்கு ஒரு தடவை, ஒரே வெளிச்சத்துல போட்டோ எடுங்க. “கொஞ்ச நாளா ஏதோ இருக்கு டாக்டர்”னு சொல்றதுக்கும், “ஆறு வாரமா இருக்கு, ஒரு பீரியட்ஸ் வந்து போயும் குறையல”ன்னு சொல்றதுக்கும் எதிர்ல இருக்கிறவங்க கேக்குற விதமே மாறும்.

எவ்வளவு நாள் காத்திருக்கலாம்? மாதவிடாய் வர்றவங்க, மெலிசான சந்தேகம்னா ஒரு சுழற்சி முடியுற வரைக்கும் பாக்கலாம். தெளிவான புதுக் கட்டி, ரத்தக் கசிவு, தோல் மாற்றம், மாதவிடாய் நின்னவங்களுக்கு வர்ற எந்தக் கட்டியும் - இதுக்கெல்லாம் காத்திருக்காதீங்க.

இப்ப டாக்டர் அறை. இங்கதான் நாம குரலைச் சின்னதாக்கிடுறோம். “சும்மா காட்டலாம்னு வந்தேன்”னு நாமளே ஆரம்பிச்சா, அவங்களும் சும்மாவே பாப்பாங்க. வந்த காரணத்தை முதல் வாக்கியத்துலயே சொல்லுங்க: “என் மார்பகத்துல புதுசா ஒரு மாற்றம் இருக்கு, அதுக்கான காரணம் தெரியணும்.” மேலோட்டமா பாத்தா, “உக்கார வச்சும் படுக்க வச்சும், அக்குளையும் சேத்துப் பாருங்க”ன்னு கேக்கலாம். கூச்சமா இருந்தா பெண் டாக்டரையோ, கூட ஒரு நர்ஸையோ கேக்கலாம். நம்பிக்கையான ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. பதற்றத்துல நீங்க மறக்குறதை அவங்க கேப்பாங்க.

தட்டிக்கழிக்கிற பதில்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். “உங்களுக்கு வயசு கம்மி.” ஆமா, இள வயசுல அபூர்வம்தான். ஆனா வர்றதே இல்லைன்னு கிடையாது. “சரி டாக்டர், என் வயசுக்கு எந்தப் பரிசோதனை பொருந்தும்?”னு கேளுங்க, முப்பது வயசுக்குக் கீழ பொதுவா முதல்ல அல்ட்ராசவுண்ட் செய்வாங்க. “குடும்பத்துல யாருக்கும் இல்லையே?” மரபணு வழியா வர்றது 5-லிருந்து 10 சதவீதம்தான். மார்பகப் புற்றுநோய் வர்ற பெண்கள்ல சுமார் பாதிப் பேருக்கு, பெண்ணா இருக்கிறது, வயசு இந்த ரெண்டைத் தவிர வேற குறிப்பிட்ட காரணமே இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. “டென்ஷனாகாதீங்க.” இதுக்கு என் பதில்: “டென்ஷன் குறையத்தான் பரிசோதனை கேக்குறேன்.”

[திரையில்: மூன்று கேள்விகள், ஒன்றன்பின் ஒன்றாக]

அப்புறம் இந்த மூணு கேள்வி. இது என்னன்னு நினைக்கிறீங்க? வேற என்னவா இருக்கலாம், அது இல்லைன்னு எப்படி முடிவு பண்ணீங்க? எத்தனை நாள்ல மாறலைன்னா நான் திரும்ப வரணும்? மூணாவது கேள்விக்கு ஒரு தேதியா பதில் வாங்குங்க. பரிசோதனை வேண்டாம்னு முடிவு பண்ணா, அதையும் காரணத்தையும் உங்க சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க. எழுதணும்னு வரும்போது இன்னொரு தடவை யோசிப்பாங்க. இதுல மரியாதைக் குறைவு எதுவுமில்ல. டாக்டர் உங்க எதிரியும் இல்ல. தினமும் பாக்குற கட்டிகள்ல பெரும்பாலானது சாதாரணமா இருக்கிறதால அவங்களுக்கு அந்தப் பக்கமே மனசு சாயுது. உங்களைத் தனியாப் பாக்க வைக்கணும், அவ்வளவுதான்.

முழு பரிசோதனைங்கிறது மூணு படி: டாக்டர் கையால பாக்குறது, படம் எடுக்கிறது, தேவைப்பட்டா ஊசியில திசு எடுத்துப் பயாப்ஸி. மேமோகிராம் எடுக்கப் போகும்போது, “எனக்கு இங்க கட்டி தெரியுது”ன்னு அங்க இருக்கிறவங்ககிட்ட கட்டாயம் சொல்லுங்க. தோல்ல அந்த இடத்துல அடையாளம் வச்சு, கூடுதல் கோணங்கள்ல எடுப்பாங்க. அதே இடத்துல அல்ட்ராசவுண்டும் செய்வாங்க. எந்த அறிகுறியும் இல்லாதவங்களுக்கு எடுக்கிற வழக்கமான பரிசோதனை வேற, இது வேற.

அதிகம் பேரை நிறுத்திடுற வாக்கியம், “மேமோகிராம் நார்மல்.” கையில தட்டுப்படுற புற்றுநோய்கள்ல சுமார் பத்துல ஒண்ணு மேமோகிராம்ல தெரியாமப் போகலாம். மார்பகத் திசு அடர்த்தியா இருந்தா படத்துல அது வெள்ளையாத் தெரியும், கட்டியும் வெள்ளைதான். ரிப்போர்ட்ல அடர்த்தி ஏ, பி, சி, டின்னு இருக்கும். சி, டின்னா அடர்த்தி அதிகம். படம் நார்மல், ஆனா கட்டி இருக்குன்னா, வேலை இன்னும் முடியல.

ரிப்போர்ட்ல பை-ராட்ஸ்னு ஒரு எண் இருக்கும். 0 வந்தா நல்லதுன்னு நினைச்சுடாதீங்க. படம் முழுமையா இல்ல, இன்னும் எடுக்கணும்னு அர்த்தம். 1, 2-ன்னா புற்றுநோய்ச் சந்தேகம் இல்ல. 3-ன்னா புற்றுநோயா இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல இல்ல. பெரும்பாலும் ஆறு மாசத்துல திரும்ப எடுப்பாங்க, அந்தத் தேதியைத் தவற விடாதீங்க. 4, 5 வந்தா பயாப்ஸி. ஊசி போட்டா பரவிடும்ங்கிற பேச்சைக் கேட்டு பயாப்ஸியை மறுக்காதீங்க. மரத்துப்போக வச்சு எடுக்கிற சின்ன சோதனை அது, புற்றுநோயா இல்லையான்னு உறுதியாச் சொல்ல அதுதான் வழி.

இவ்வளவு கேட்டும் தெளிவான பதில் வரலைன்னா ரெண்டாவது கருத்து கேளுங்க, மார்பக சிகிச்சையில தனியாப் பயிற்சி எடுத்தவங்ககிட்ட. படம், ரிப்போர்ட் ரெண்டோட நகலும் உங்க கையில இருக்கட்டும். முதல் தடவை காட்டின நாள்லயிருந்து 60 நாளுக்குள்ள என்னன்னு கண்டுபிடிச்சு முடிக்கணும்ங்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2021-ல ஆரம்பிச்ச மார்பகப் புற்றுநோய்த் திட்டத்தோட இலக்கு. உங்க தேதி அதைத் தாண்டிப் போச்சுன்னா, அதைச் சொல்லியே கேளுங்க.

பயாப்ஸி “சாதாரணம்”னு வந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு: “படத்துல பாத்ததும் இந்த முடிவும் ஒத்துப்போகுதா?” படம் சந்தேகமா இருந்து, திசு சாதாரணம்னு வந்தா, ஊசி சரியான இடத்துல படாம இருந்திருக்கலாம், திரும்ப எடுக்கணும். ஒத்துப்போகுதுன்னா நிம்மதியா இருங்க. அதுக்கப்புறமும் அந்தக் கட்டி வளந்தா, பழைய ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போய், அதுல இருக்கிற அளவைக் காட்டி, “அப்ப இவ்வளவு இருந்துச்சு, இப்ப கூடியிருக்கு, மறுபடி அளந்து பாருங்க”ன்னு சொல்லுங்க.