சன் லைஃப் மொன்றியலை விட்டுப் போன கதை

(மொன்றியலில் தமிழ் வாசகர்கள் சிலர் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

டவுன்டவுனில் டோர்செஸ்டர் சதுக்கத்தை ஒரு தடவையாவது கடக்காதவர் இந்த மண்டபத்தில் இருக்க மாட்டீர்கள். அதன் கிழக்குப் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு சாம்பல் நிறக் கருங்கல் கட்டடம் நிற்கிறது. வரிசை வரிசையாகத் தூண்கள். மேலே போகப் போகப் படி வைத்து ஒடுங்கும். சன் லைஃப் காப்புறுதிக் கம்பெனி கட்டியது அது. 1913இல் தொடங்கி, மூன்று கட்டமாகக் கட்டி எழுப்பினார்கள். 1930களின் தொடக்கத்தில் வேலை முடிந்தபோது பரப்பளவில் பிரித்தானியப் பேரரசிலேயே அதை மிஞ்சிய கட்டடம் இல்லை என்றார்கள். 1940இல் ஹிட்லர் லண்டனைப் பிடித்துவிடுவான் என்று பயந்த காலத்தில், பிரித்தானியாவின் பங்குப் பத்திரங்களைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இந்தக் கட்டடத்தின் நிலவறையில்தான் பூட்டி வைத்தார்கள். மேல் மாடிகளில் வேலை செய்த ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது.

அந்தக் கட்டடத்தின் தெற்குப் பக்கமாக ஓடும் பெரிய வீதிக்கு இன்று ரெனே லெவெக் என்று பெயர். முன்பு அதுவும் டோர்செஸ்டர்தான். கியூபெக் மாகாணத்தின் முன்னாள் முதல்வர் லெவெக் 1987இல் இறந்த பிறகு பெயரை மாற்றினார்கள். ஆனால் மேற்கே நடந்து, ஆங்கிலம் பேசுவோர் அதிகம் வாழும் வெஸ்ட்மவுண்ட் எல்லைக்குள் கால் வைத்தால், அதே வீதி இன்றும் டோர்செஸ்டர் என்ற பெயர்ப்பலகையோடுதான் நிற்கிறது. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததில் பாதி அந்த இரண்டு பெயர்ப்பலகைகளிலேயே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1976 நவம்பர் 15ஆம் திகதி, கியூபெக்கைத் தனிநாடாக்குவோம் என்று சொன்ன பார்ட்டி கெபெகுவா கட்சி தேர்தலில் வென்றது. லெவெக் முதல்வரானார். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி 101ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. கடைப் பலகை பிரெஞ்சில் இருக்க வேண்டும். வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கம்பெனிகள் பிரெஞ்சில் நடக்கின்றன என்று சான்றிதழ் எடுக்க வேண்டும். நான்கு மாதம் கழித்து, 1978 ஜனவரி 6ஆம் திகதி, சன் லைஃப் தன் தலைமையகத்தை ரொறொன்ரோவுக்கு மாற்றப் போவதாக அறிவித்தது. தங்களுடைய வியாபாரத்தில் பெரும்பகுதி கியூபெக்குக்கு வெளியே ஆங்கிலத்தில் நடக்கிறது, இந்தச் சட்டத்தோடு அதற்கு வேண்டிய ஆட்களைப் பிடித்து வைத்திருக்க முடியாது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

மற்றக் கம்பெனிகளும் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவை சத்தமில்லாமல் போயின. ஒரு பிரிவை மாற்றுவது, பிறகு இன்னொன்றை மாற்றுவது, கடைசியில் தலைவரின் மேசையை மாற்றுவது. சன் லைஃப் மட்டும்தான் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியது. கியூபெக் நிதியமைச்சர் ஜாக் பாரிசோ கொதித்துப் போனார். இந்த மாகாண மக்களிடம் வாங்கிய பிரீமியப் பணத்தை இங்கே உரிய அளவுக்கு முதலிடாமல் வெளியே கொண்டுபோன கம்பெனி இது என்று குற்றம் சாட்டினார். அவசரப்பட வேண்டாம் என்று ஒட்டாவாவில் மத்திய அரசில் இருந்தும் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. காப்புறுதிதாரர்களின் கூட்டத்தில் வாக்கெடுப்பு நடந்தது, முடிவு நிறைவேறியது.

இதை முதலில் வாசித்தபோது என் மனம் எந்தப் பக்கம் போனது என்பதை உங்களிடம் ஒளிக்க மாட்டேன். என் தகப்பனார் கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. சிங்களச் சோதனை பாஸ் பண்ண வேண்டும் என்றார்கள். அவர் எழுத மாட்டேன் என்றார். கடைசியில் காலத்துக்கு முந்தியே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்து வீட்டுத் திண்ணையில், சலவை செய்த வெள்ளைச் சட்டையோடு, போக ஒரு கந்தோர் இல்லாமல் அவர் உட்கார்ந்திருந்த காலைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். மொழிச் சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்யும். ஆகவே, கம்பெனிக்காரன் போனது சரிதானே என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு இந்த ஊரின் கதையைத் தேடி வாசிக்க வாசிக்க, இங்கே என் தகப்பனாரின் இடத்தில் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. மொன்றியல் பகுதியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மக்களின் மொழி பிரெஞ்சு. ஆனால் பெரிய கம்பெனிகளின் மேல் மாடிகளில் மொழி ஆங்கிலம். 1960களில் மத்திய அரசு நியமித்த இருமொழி ஆணைக்குழு 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து ஒரு பட்டியல் போட்டது. கியூபெக்கில் வாழும் இன வழிகள் பதினான்கை ஆண்களின் வருமானப்படி வரிசைப்படுத்தினார்கள். பிரெஞ்சு வழியினர் பன்னிரண்டாம் இடத்தில் இருந்தார்கள். சொந்த மண்ணில், பெரும்பான்மையாக இருந்துகொண்டு பன்னிரண்டாம் இடம். அவர்களுக்குக் கீழே இத்தாலியரும் பூர்வகுடி மக்களும்தான். ஒரு பிரெஞ்சுப் பையன் தன் ஊர்க் கம்பெனியில் ஃபோர்மன் ஆவதற்கே ஆங்கிலம் பேச வேண்டும். முதலாளியின் மகன் பிரெஞ்சு தெரியாமலே அந்த ஊரில் பிறந்து, வளர்ந்து, மனேஜராகி, செத்தும் போகலாம்.

இதற்குள் இருந்துதான் 101ஆம் சட்டம் வந்தது. இலங்கையில் நாட்டுப் பெரும்பான்மை தன் பலத்தைச் சட்டமாக்கியது. இங்கே, மாகாணத்தில் பெரும்பான்மையானாலும் ஆங்கிலம் சூழ்ந்த வட அமெரிக்கக் கண்டத்தில் சிறுபான்மையான ஒரு கூட்டம் தன் பயத்தைச் சட்டமாக்கியது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அந்தச் சட்டத்தால் வேலை போன ஒருவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று கேட்டால், என்னிடம் நல்ல பதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மொன்றியல் தன் முதலிடத்தை மொழிச் சட்டத்தால் இழந்தது என்று ரொறொன்ரோவில் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார்கள். நம்முடைய ஆட்களும் அதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். ரொறொன்ரோப் பங்குச் சந்தை மொன்றியலை 1930களிலேயே முந்திவிட்டது. வடக்கு ஒன்ராறியோவின் சுரங்கப் பணம் அங்கேதான் போனது. அதுவரை கனடாவுக்கு வந்த மூலதனம் லண்டனில் இருந்து வந்தது, அது இறங்கிய துறை மொன்றியல். பிறகு அமெரிக்க மூலதனம் வந்தது. டிட்ரொயிட்டுக்கும் பஃபலோவுக்கும் பக்கத்தில் இருப்பது எது? ரொறொன்ரோ. 1959இல் சென் லோரன்ஸ் கடல்வழி திறந்தது. அதற்கு முன் பெரிய கப்பல்கள் இங்கே நின்று சரக்கை இறக்கியாக வேண்டும். கால்வாய் வந்த பிறகு, ஊரைத் தாண்டிப் பேரேரிகளுக்குள் நேராகப் போக முடிந்தது. 1965இல் அமெரிக்காவோடு கார்த் தொழில் ஒப்பந்தம் போட்டார்கள், அதில் வளர்ந்ததும் தெற்கு ஒன்ராறியோதான். 1976ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ரொறொன்ரோ பெருநகரத்தின் மக்கள் தொகை மொன்றியலை முதல் தடவையாகத் தாண்டியது. வித்தியாசம் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆனால் தாண்டியது. அந்த மதிப்பீடு நடந்தபோது லெவெக் பதவிக்கு வரவில்லை, 101ஆம் சட்டம் எழுதப்படவும் இல்லை.

அதே காலத்தில் ஊர் தன் காசைக் கொட்டியது ஒலிம்பிக் மைதானத்தில். அந்தக் கடனைக் கட்டி முடிக்க முப்பது வருஷம் எடுத்தது. விவசாயிகளின் நிலத்தைப் பறித்து மிராபெல் விமான நிலையத்தை 1975இல் திறந்தார்கள். யாருக்கும் அவ்வளவு தூரம் போக மனமில்லை. 2004இல் பயணிகள் விமானம் அங்கே நின்றே போனது.

அதனால் சட்டத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1976க்கும் 1981க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலம் பேசுவோர் இந்த மாகாணத்தை விட்டுப் போனார்கள். மெதுவாகச் சரிந்துகொண்டிருந்த சுவரை யாரோ தள்ளியது போல இருந்தது அது.

ஒரு தலைமையகம் போனால் என்ன போகிறது என்று யோசித்துப் பாருங்கள். சம்பளப் பட்டியலில் உள்ளவர்கள் மட்டும் போவதில்லை. அவர்களுக்கு வழக்குப் பார்த்த சட்டத்தரணி, கணக்குப் பரிசோதித்தவர், விளம்பரம் எழுதியவர், ஆண்டறிக்கை அச்சடித்த அச்சகக்காரர், மத்தியானம் சாப்பாடு போட்ட கடை, ஆஸ்பத்திரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வருஷா வருஷம் எழுதின காசோலை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னாலே போகும். அப்புறம், எந்தக் கிளையை மூடுவது, எதை வைத்திருப்பது என்ற பேச்சு வேறு ஊரில் நடக்கும்.

நான் இந்த ஊருக்கு வந்தது 1987இல். கோத் டெ நேஜில் மூன்று அறை வீடு, நாலு பேர் சேர்ந்து வாடகை. ரொறொன்ரோவில் இருந்த மச்சான் அந்த வாடகையைக் கேட்டுவிட்டு நம்பவே மாட்டேன் என்றான். ஏன் அவ்வளவு மலிவு என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது தெரிகிறது, நாங்கள் போய்விட்டவர்களின் வெறுமைக்குள் குடி வந்தவர்கள்.

இரவில் டவுன்டவுனில் ஒரு கந்தோர்க் கட்டடத்தில் துப்புரவு வேலை. எனக்கு வேலை பழக்கியவர் ஒரு போர்த்துக்கேய அம்மா. 1970களின் தொடக்கத்தில் இருந்து அதே கட்டடத்தில் கூட்டித் துடைத்தவர். முதல் கிழமை என்னை ஒரு கதவுக்கு முன்னால் நிறுத்தி, பித்தளைத் தகட்டை மினுக்கக் காட்டித் தந்தார். ‘பூஸே’ என்று எழுதிய சின்னத் தகடு. தள்ளு என்று பொருள். அதைச் சுற்றி மரத்தில் இன்னொரு நீள்சதுரம், கொஞ்சம் வெளிறிய நிறத்தில். இரண்டு பக்கமும் ஆணி கழற்றிய ஓட்டை. முன்பு அங்கே இருந்தது ‘புஷ்’ என்ற பெரிய தகடு. அந்த ஓட்டைக்குள் மினுக்கும் பசை போய் வெள்ளையாகக் காய்ந்துவிடும், தீக்குச்சியால் தோண்டி எடுக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார்.

அந்த அம்மா ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து சொன்ன கதை இது. அவர் முதலில் ஐந்து மாடி துப்புரவு செய்தாராம். தேர்தலுக்குப் பிறகு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏதோ ஒரு அறைக்கு வெளியே அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். திங்கட்கிழமை அந்த அறையில் குப்பைக் கூடை காலியாக இருக்கும். காலியான கூடையைப் பார்த்தால் மற்றவனுக்குச் சந்தோஷம், எனக்கு நடுக்கம் என்றார். ஐந்து மாடி நாலாகி, நாலு மூன்றானது. மாடிக்கு இவ்வளவு மணி நேரம் என்றுதான் சம்பளம். போனவர்களுக்குப் போக ஒரு ரொறொன்ரோ இருந்தது, வீடு மாற்றும் செலவைக் கம்பெனி கொடுத்தது. தங்கியிருந்த பிரெஞ்சுக்காரருக்குக் காலியான நாற்காலிகளில் சில கிடைத்தன. அந்த அம்மாவின் இரண்டு மாடியை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

நாற்காலிகள் கிடைத்தன என்றேன். அது சின்ன விஷயமில்லை. பிரெஞ்சில் படித்த ஒரு தலைமுறை இந்த ஊரில் எஞ்சினியராக, வங்கி மனேஜராக, கம்பெனித் தலைவராக ஆனது. 1900இல் லெவி என்ற சின்ன ஊரில் கூட்டுறவுக் கடன் சங்கமாகத் தொடங்கிய டெஜார்டான் பெரிய நிதி நிறுவனமாக நிமிர்ந்தது. மக்களின் ஓய்வூதியப் பணத்தை வைத்து 1965இல் தொடங்கிய முதலீட்டு நிதியம் இங்கத்தைக் கம்பெனிகளுக்கு மூலதனம் கொடுத்தது. வருமானப் பட்டியலில் பன்னிரண்டாம் இடம் என்பது இன்று பழைய கதை. சன் லைஃப் இங்கேயே இருந்திருந்தால் இது இவ்வளவு விரைவாக நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். ஊரின் நடுவிலே இருந்தும் ஊரோடு ஒட்டாமல் இருந்த வீடு அது.

பெயருக்கு இங்கே இருக்கும் தலைமையகங்களும் உண்டு. மொன்றியல் வங்கிக்கும் றோயல் வங்கிக்கும் சட்டப்படி தலைமையகம் இன்றும் மொன்றியல்தான். முடிவெடுப்பவர்கள் இருப்பது ரொறொன்ரோவில். எயார் கனடா தனியார் கைக்குப் போனபோது தலைமையகம் மொன்றியலில்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். சரி, இருக்கிறது. 2021 நவம்பரில் அதன் தலைவர் மைக்கேல் ரூசோ இந்த ஊர் வர்த்தக சபையில் வந்து பேசினார். பேச்சு ஏறக்குறைய முழுக்க ஆங்கிலம். பத்திரிகையாளர் கேட்டபோது, பிரெஞ்சு தெரியாமலே மொன்றியலில் இவ்வளவு காலம் வாழ முடிந்தது, அது ஊருக்குப் பெருமைதான் என்ற மாதிரிச் சொன்னார். ஊரே கொந்தளித்தது, மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு மொழிச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள்.

நம்மவர்களில் எத்தனை பேர் 401ஆம் நெடுஞ்சாலை பிடித்து ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கோடை லீவில் ஸ்காபரோவில் கலியாண வீட்டுக்குப் போனால், இன்னும் ஏன் அங்கே கிடக்கிறீர்கள் என்றுதான் முதல் கேள்வி. என் மகள் இங்கேயே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். வீட்டில் தமிழ், வெளியில் பிரெஞ்சு, இடையில் ஆங்கிலம். ரொறொன்ரோவில் தலைமையகம் உள்ள ஒரு கம்பெனியின் மொன்றியல் கிளையில் வேலை செய்கிறாள். சில நாள் வீட்டில் இருந்தே கணினியில் கூட்டம். நான் பக்கத்தில் தேத்தண்ணி வைத்துக்கொண்டு கேட்டிருப்பேன். ஏழெட்டுப் பேர், எல்லாரும் மொன்றியல், பிரெஞ்சு தண்ணீர் மாதிரி ஓடும். திடீரென்று ஒரு மணி ஒலிக்கும், ரொறொன்ரோவில் இருந்து ஒருவர் வந்து சேர்வார். ஒரு வசனம் பாதியில் நிற்கும். அந்த வசனத்தின் மறு பாதியை, பேசிக்கொண்டிருந்தவரே ஆங்கிலத்தில் முடிப்பார்.

நன்றி, வணக்கம்.