தண்ணீருக்குக் கீழே ஒரு டவுன்

(இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பகுதியான மஸ்கெலியாவில் நடந்த ஊர்க் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

வந்திருக்கும் பெரியோருக்கும் அக்காமார், தம்பிமார், பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம்.

மலையக வரலாறு சொல்லுங்கள் என்றால் நம்மில் பலர் நான்கு வருஷங்களைச் சொல்லி முடித்துவிடுவோம். 1823இல் கோப்பித் தோட்டத்துக்கு ஆள் வந்தது, 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்டது, 1948இல் பிரஜாவுரிமை போனது, 1964இல் நம்ம ஆட்களை இலங்கைக்கு இத்தனை, இந்தியாவுக்கு இத்தனை என்று பங்கிட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்றும் பிழையில்லை. ஆனால் இதே நான்கையும் பதுளையிலும் சொல்லலாம், மாத்தளையிலும் சொல்லலாம். மஸ்கெலியாக்காரர் மட்டும் சொல்லக்கூடியது என்ன? அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நம்மைச் சுற்றி எழுதி வைத்த வரலாறு இல்லாமல் இல்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கிற வோலி தேவாலயம் 1878இல் கட்டியது. அதன் கல்லறைகளில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் பெயரும் இறந்த திகதியும் கல்லில் இருக்கின்றன. 1879இல் இறந்த ஜூலியா மார்கரெட் கெமரன் பொகவந்தலாவையில் அடக்கமாகியிருக்கிறார். உலகப் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞர். இலங்கையில் தமிழ்த் தொழிலாளரையும் படம் எடுத்தவர். அந்தப் படங்களில் நிற்கிறவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. வெள்ளைக்காரர் காலத்துத் தோட்ட விவரக் கொத்தான பேர்குசன் டிரெக்டரியைப் புரட்டினால் தோட்டத்தின் பெயர், ஏக்கர், சொந்தக்காரர், துரை எல்லாம் வரிசையாக வரும். கொழுந்து எடுத்தவர் பெயரை அதில் தேட வேண்டாம். துரைமார் தங்களைப் பற்றி எழுதினார்கள், அது நிலைத்தது. அவர்களோடு கோபித்து என்ன பயன்? நம்ம பக்கத்தை நாம்தான் எழுத வேண்டும்.

சரி, நம்ம டவுனுக்கு வருவோம். மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுசாகலை அணை 1969இல் முடிந்தது. நாட்டுக்கு மின்சாரம் வந்தது. பழைய மஸ்கெலியா தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்களில் மிச்ச சுவர்கள் வெளியே தெரியும். உடனே ஊரே போனைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடும், கொழும்பிலிருந்து யூடியூப்காரரும் வருவார்கள். வரட்டும். ஆனால் கோவிலைப் படம் எடுக்கிறவர், அந்தக் கோவிலுக்கு எதிரே இருந்த கடை யாருடையது, தேத்தண்ணிக் கடையில் கடன் கொப்பி வைத்திருந்தாரா, பஸ் எங்கே திரும்பியது என்று கேட்பதில்லை. தண்ணீர் வருகிறது என்றதும் முதலில் எழும்பிப் போனது யார், கடைசி வரைக்கும் போகமாட்டேன் என்று இருந்தது யார்? கல் இதையெல்லாம் சொல்லாது. 1969இல் பதினைந்து வயதாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். அவரைக் கேட்கத்தான் நமக்கு அவசரம் இருக்க வேண்டும்.

கேட்கிற விதமும் முக்கியம். "எந்த வருஷம் அம்மாயி?" என்று கேட்டால், "அது யாருக்குத் தெரியும்" என்றுதான் பதில் வரும். "டேம் கட்டுறதுக்கு முந்தியா பிந்தியா? சிறிமா காலத்துப் பஞ்சத்துக்கு முந்தியா? 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததே, அதற்கு அப்புறமா?" என்று கேட்டுப் பாருங்கள். வருஷம் தானாக வந்து விழும். அப்புறம் அதைக் கடதாசியோடு ஒப்பிட வேண்டும்.

கடதாசி நம்மிடம் ஏது என்று கேட்காதீர்கள். டிரங்குப் பெட்டியைத் திறவுங்கள். பழைய பாஸ்போர்ட், பிரஜாவுரிமைச் சான்றிதழ், சம்பளத் துண்டு இருக்கும். கங்காணி என்றால் ஆள் கூட்டி வந்து வேலை வாங்கியவர்; யாராவது ஒரு வீட்டில் பழைய கங்காணிக் கடன் துண்டு இருந்தால் அது பொக்கிஷம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளைக் கடனோடு மாற்றிய அந்தத் துண்டு முறையை 1921இல் தடை செய்தார்கள். நான் இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைப்பது கோவில் திருவிழாவுக்குக் காசு பிரித்த கொப்பியையும் சாவு வீட்டுக்கு உதவுகிற மரணாதாரச் சங்கத்துக் கொப்பியையும்தான். எந்த லயத்தில், அதாவது எந்த வரிசை வீட்டில், எத்தனை குடும்பம் இருந்தது, யார் எப்போது செத்தார்கள், யார் வாரிசு, எல்லாம் நம்ம ஆட்களே நம்ம கையெழுத்தில் எழுதியது. புதுத் தலைவர் வந்ததும் பழைய கொப்பியை அடுப்பில் போடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்த லயத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதப் போனால் சாதி வரும். யாருக்கு எந்தக் காம்பரா (அறை), தண்ணீர் விழுகிற பீலியில் யார் முதலில் தண்ணீர் பிடித்தார், கோவிலுக்குள் யார் போகவில்லை என்பதெல்லாம் வரும். துரை செய்த கொடுமையை மட்டும் எழுதி, நமக்குள் நடந்ததை மறைத்தால் அது பாதி வரலாறு. ஆளின் மனம் நோகாமல் எழுதலாம். மறைக்க மட்டும் கூடாது.

இன்னொரு பாதி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று குறித்தது 5,25,000 பேர். இங்கிருந்து கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்துப் போனவர்களின் பிள்ளைகள் நீலகிரியில் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது. பேசும்போது கல்யாணப் பேச்சோடு நிறுத்தாமல், "பழைய டவுன்ல நம்ம வீடு எங்க இருந்துச்சு?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். போட்டோ அங்கேதான் பத்திரமாக இருக்கும், போகிறவர்கள் அதைத்தான் முதலில் மூட்டையில் வைத்தார்கள்.

கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயத்தையே மலையக மக்கள் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு இன்றைக்கு வேண்டாம். வாசலில் மேசைமேல் பெரிய வெள்ளைத் தாள் விரித்திருக்கிறோம், ஆறும் ரோட்டும் மட்டும் கீறியிருக்கிறது. கடை, கோவில், பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்ததைப் போடுங்கள், பக்கத்தில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். கூட்டம் தொடங்க முன்னமே பள்ளிவாசல் எந்தப் பக்கம் என்று இரண்டு ஐயாமார் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் போட்டுவிடுங்கள் ஐயா, அடுத்த வறட்சியில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.