நைஜர் மண்ணுக்குள் இருந்த காடு

[காட்சி: மணல் பரந்த வயல். ஆங்காங்கே முழங்கால் உயரப் புதர்கள்.]

இந்தப் புதர்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கதையே இவற்றைப் பற்றித்தான்.

இது நைஜர். நைஜீரியாவுக்கு வடக்கே, சஹாராவை ஒட்டிக் கிடக்கும் நாடு. இங்கே முக்கிய உணவு கம்பு. நம் ஊர்க் கம்பங்கூழுக்கும் இந்தப் பக்கத்து மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. கம்பை மனிதர்கள் முதலில் பயிராக்கியதே சஹாராவின் தென் விளிம்பில்தான்.

1970களிலும் 80களிலும் இங்கே மழை பொய்த்தது. ஆனால் பசிக்கு மழை மட்டும் காரணமில்லை. உழவுக்காகவும் விறகுக்காகவும் மரங்களை வெட்டி வெட்டி வயல்கள் மொட்டையாகிவிட்டன. தடுப்பார் இல்லாத காற்று மணலை வாரி வந்து, முளைத்த பயிரை மூடிவிடும். ஒரே பருவத்தில் மூன்று முறை விதைத்தவர்கள் உண்டு. விதைத் தானியமும் மண்ணோடு போனால் அந்த வீட்டில் எதைச் சமைப்பார்கள்?

[காட்சி: மணலில் நிற்கும் வண்டி, பின்னால் நாற்றுகள்.]

1983. ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ, மரடி பகுதியில் மரம் நட்டுக்கொண்டிருந்தார். நட்டவற்றில் பெரும்பாலானவை பட்டுப்போயின. ஒருநாள் மணலில் வண்டி புதையாமல் இருக்க டயர் காற்றை இறக்க நிறுத்தினார். பக்கத்தில் ஒரு புதர். கிட்டப் போய் இலையைப் பார்த்தார். புதரே இல்லை அது. வெட்டுப்பட்ட மரத்தின் அடிக்கட்டை துளிர்த்திருந்தது!

வேர் சாகவில்லை. வருடா வருடம் துளிர்க்கிறது, வருடா வருடம் விதைப்புக்கு முன் வெட்டப்படுகிறது. சரி, வெட்டாமல் விட்டால்? கட்டைக்கு நாலைந்து நல்ல தண்டுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். வைத்த தண்டுகளிலும் கீழ்க்கிளைகளைச் சீவ வேண்டும். நாற்றங்கால் வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆழத்தில் இருக்கும் பழைய வேரே மரத்தை வேகமாகத் தூக்கிவிடும்.

சிக்கல் சட்டத்தில் இருந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்து விதிப்படி மரம் அரசுக்குச் சொந்தம். தன் வயல் மரத்தை வெட்டினாலும் அபராதம். அப்புறம் யார் வளர்ப்பார்கள்? 1984 பஞ்சத்தில் மரம் காப்பவர்களுக்குத் தானியம் கொடுத்தார்கள். திட்டம் முடிந்ததும் காத்த மரங்களில் பெரும்பகுதி வெட்டப்பட்டது. அதன் பிறகும் சிலர் விடவில்லை. வனத்துறை கெடுபிடியைத் தளர்த்த, மரத்தின் பலன் தனக்கே என்ற நம்பிக்கை உழவருக்கு வந்தது. பிறகு ஒருவர் வயலைப் பார்த்து அடுத்தவர் செய்தார்.

[காட்சி: கம்பு வயலின் நடுவே இலையற்ற ஒரு பெரிய மரம்.]

இந்த மரத்துக்கு ஹவுசா மொழியில் 'காவோ' என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மழைக்காலம் வந்ததும் இலையை உதிர்த்துவிடும். பயிருக்கு வெயிலை மறைக்காது, உதிர்ந்த இலை உரமாகும். கோடையில் தழைத்து, காயை ஆடுமாடுகளுக்குக் கொடுக்கும்.

இருபது ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் ஏறத்தாழ 20 கோடி மரங்கள் எழுந்தன. கூடுதலாக விளைந்த தானியம் ஆண்டுக்கு 5 லட்சம் டன் என்று மதிப்பிட்டார்கள். சுமார் 25 லட்சம் பேருக்கான சாப்பாடு அது. நைஜரில் பசி தீர்ந்துவிடவில்லை. மக்கள்தொகை வேகமாக ஏறுகிறது, வறட்சியும் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனாலும் மரம் நிற்கும் வயலில் விதைப்பு ஒரே முறையில் நிலைக்கிறது, காசு தேவைப்படும் மாதத்தில் விற்க விறகும் இருக்கிறது.

[காட்சி: பசுமையான மலைச்சரிவு.]

இது எத்தியோப்பியாவின் ஹம்போ. 2006-இல் மொட்டை மலை. 2,700 ஹெக்டேருக்கு மேல் ஊர்மக்களே காவல் காத்தார்கள். அங்கேயும் பெரும்பாலான மரங்களை யாரும் நடவில்லை. கட்டைகள் மண்ணுக்குள் உயிரோடுதான் இருந்தன.