வெளிநாடு போகும் முன் வேலூரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

[காட்சி: காட்பாடி ஜங்ஷன், விடியற்காலை. புதுப் பெட்டிகளோடு ஒரு குடும்பம்.]

வணக்கம். காட்பாடியில் சென்னை வண்டிக்கு நிற்கும் கூட்டத்தில் யார் வெளிநாடு போகிறார் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். புதுப் பெட்டி, அதைச் சுற்றிக் கட்டிய கயிறு, பக்கத்தில் கண் சிவந்த அம்மா. நர்சிங் முடித்த பிள்ளைகள் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்து ஆட்கள் வளைகுடாவுக்கும், இன்ஜினியரிங் படித்தவர்கள் அமெரிக்காவுக்கும் போகிறார்கள். என் அக்காவும் அப்படித்தான் அயர்லாந்து போனாள். அவள் போன பிறகு இங்கே அலைந்தது நான். இருக்கும்போது அரை நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு, போன பிறகு ஆறு மாதம் ஓடினேன். அந்த அலைச்சல் உங்கள் வீட்டில் யாருக்கும் வரக் கூடாது என்றுதான் இந்த வீடியோ.

[காட்சி: மேஜையில் நான்கு சான்றுகள் வரிசையாக.]

முதலில் பெயர். மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. அக்காவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ‘எஸ்’ என்ற இனிஷியல். ஆதாரில் இனிஷியலே இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. நர்சிங் கவுன்சில் பதிவில் அவள் கணவர் பெயர். நமக்கு இது ஒரே ஆள். அங்கே உட்கார்ந்து படிக்கிற அதிகாரிக்கு நான்கு பேர்.

இனிஷியல் என்பது நம் ஊர் வழக்கம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அதை விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதற்பெயர் இடத்தில் ‘எஃப் என் யூ’ என்று அச்சாகும். ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கம் அது. அப்புறம் பாங்க், டிரைவிங் லைசென்ஸ் என்று போகிற இடமெல்லாம் அந்த மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டே வரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்குக் கட்டுப்பாடே கொண்டுவந்தது.

அதனால் எல்லாச் சான்றையும் ஒரு நாள் தரையில் பரப்பி, எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் டி-க்குப் பின்னால் ஹெச் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. சின்ன வித்தியாசத்துக்கு ‘இருவரும் ஒருவரே’ என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் போடலாம், ஆனால் எல்லா நாடும் அதை ஏற்காது. பெயரே வேறு என்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதுதான் உறுதியான வழி. அதற்கு நாள் பிடிக்கும், கடைசி மாதத்துக்கு வைக்காதீர்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தாத்தா பத்திரத்தில் ‘வட ஆற்காடு’, உங்கள் பள்ளிச் சான்றில் ‘வேலூர்’, ஆதாரில் ‘ராணிப்பேட்டை’ அல்லது ‘திருப்பத்தூர்’. வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது, வேலூர் 2019-ல் மூன்றானது. வீடு நகரவில்லை, மாவட்டம்தான் மாறியது. இதைச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் விண்ணப்பத்தோடு வையுங்கள்.

[காட்சி: லேமினேட் செய்த மார்க் ஷீட், வெளிச்சத்தில் பளபளக்கிறது.]

இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா ஆசையாக லேமினேட் செய்து வைத்திருப்பார். அந்தப் பிளாஸ்டிக் மேல் சீலும் குத்த முடியாது, ஸ்டிக்கரும் ஒட்ட முடியாது. சான்றுகளுக்கு முதலில் மாநில அரசின் துறை, பிறகு வெளியுறவு அமைச்சகம் முத்திரை தரும். ஒரு நாட்டுச் சான்றை இன்னொரு நாடு ஏற்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் போகிற நாடு இருந்தால், சான்று உண்மை என்று காட்டும் ‘அப்போஸ்டில்’ ஸ்டிக்கர் போதும். அமீரகம், கத்தார், குவைத் போன்ற நாடுகளுக்கு அதற்கு மேல் அந்தந்தத் தூதரக முத்திரையும் வேண்டும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய், சேவை மையத்தின் கட்டணம் தனி. ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். பத்தாவது தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, ‘எமிக்ரேஷன் கிளியரன்ஸ்’ என்ற இந்திய அரசின் அனுமதி கட்டாயம். அந்த நாடுகளுக்குப் போகும் நர்ஸ்களுக்கு என்ன படித்திருந்தாலும் கட்டாயம். ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அவர் உரிமம் உண்மையா என்று மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம். ‘விசிட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்’ என்று யாராவது சொன்னால், நகையை அடகு வைக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

[காட்சி: பாஸ்புக், பழைய பட்டன் போன்.]

சரி, பணம். வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பினால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர். சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, ‘என்ஆர்ஓ’ கணக்காக மாற்ற வேண்டும். ஊரில் வரும் வாடகை, பென்ஷன் எல்லாம் அதில் விழும். அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு ‘என்ஆர்இ’ கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தைத் திரும்ப எடுத்துப் போகவும் தடையில்லை. பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் புதிதாகத் தொடங்க முடியாது, இருப்பதை முதிர்வு வரை தொடரலாம்.

அக்கா மாட்டிக்கொண்டது இங்கேதான். பாங்கில் கொடுத்திருந்த செல் நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டாள், அது செத்துப்போனது. ஓடிபி வராது. ஓடிபி இல்லாமல் நம்பரை மாற்ற முடியாது. ‘கணக்கு வைத்திருப்பவரே நேரில் வரணும்’ என்றார்கள். அம்மாவின் மருந்துச் செலவுக்கான பணம் கண்ணெதிரே கிடந்தது, எடுக்க வழியில்லை. கிளம்பும் முன் நாமினியைச் சரிபாருங்கள், அந்த சிம்முக்கு ரீசார்ஜ் போடும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்.

கடைசியாக நிலம். ‘ரெண்டு வருஷம் சம்பாதிச்சு அணைக்கட்டுப் பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கணும்’ என்பது நம் பக்கத்துக் கனவு. ஆனால் வெளிநாடுவாழ் இந்தியர் தன் பெயரில் விவசாய நிலமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. வீடு, மனை வாங்கலாம். முன்பே வாங்கியதையும், பரம்பரையாக வருவதையும் வைத்துக்கொள்ளலாம். வாங்குவதாக இருந்தால் போகும் முன்பே வாங்குங்கள்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று எடுத்து, எல்லோரும் ஊரில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். உங்கள் சார்பில் கையெழுத்துப் போட ஒருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை இங்கேயே சார்பதிவாளர் ஆபீஸில் பதிந்துவிட்டுப் போவது எளிது. அங்கிருந்து எழுதி அனுப்பினால் இந்தியத் தூதரகச் சான்று வேண்டும், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். யாருக்குக் கொடுக்கிறீர்கள், எதற்காக மட்டும் என்று தெளிவாக எழுதுங்கள். விற்கும் உரிமையைத் தேவையில்லாமல் சேர்க்க வேண்டாம்.

[காட்சி: பீரோ, மேல் தட்டில் ஒரு நீலக் கவர்.]

அசல் சான்றுகள் கைப்பையில் போகட்டும், லக்கேஜில் வேண்டாம். நகல் ஒரு கவரில் இங்கே இருக்கட்டும். அக்கா முதல் லீவில் வந்தபோது செய்த முதல் வேலை, அந்தக் கவரைப் பிரித்து ஒவ்வொரு தாளும் எது என்று அம்மாவை உட்காரவைத்துக் காட்டியதுதான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பாங்க் தாளின் ஓரத்தை மடித்து வைத்தார், நிலத் தாளுக்கு ஒரு மஞ்சள் பொட்டு வைத்தார்.