எட்டு வினாடிக்குள் நடுக்கோடு: இளம் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு முதல் ஐந்து பேரை எடுப்பது எப்படி?

[காட்சி: காலை 6 மணி. கீழக்கரைப் பக்கம் ஒரு சிமெண்ட் கோர்ட். ஈர்க்கு விளக்குமாற்றால் மணலைக் கூட்டுகிறார்கள். ரிங்கில் வலை ஒரு பக்கமாகப் பறக்கிறது.]

வணக்கம். கல்லூரி திறந்து மாதம் ஒன்று ஆகிவிட்டது. போன வருடம் ஆடிய அக்காமார்கள் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கும் 12 பேரில் 7 பேர் முதலாமாண்டு. இப்படி ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம் கடற்கரையோரம் கூடைப்பந்து பார்க்கிறவர்களுக்கு இந்த நிலைமை பழக்கமானதுதான். மழைக்கு முன்னால் நடக்கும் பயிற்சி ஆட்டங்களில் யாரை இறக்குவது, எப்படி ஆடுவது என்பதே இந்த வீடியோ.

கோர்ட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறவர்கள் இரண்டு யோசனை சொல்வார்கள். ஒன்று, "உயரமான புள்ளைய உள்ள நிறுத்தி அவளுக்கே பந்தைப் போடுங்க." இன்னொன்று, "ஸ்கூல்ல நல்லா ஸ்கோர் பண்ணின புள்ளை, அவளே பந்தை எடுத்துட்டு வரட்டும்." இரண்டுமே அன்போடு சொல்வதுதான். ஆனால் இரண்டும் பந்து எதிர்க்கூடைப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதைப் பற்றியவை. இளம் அணி தோற்பது அதற்கு முன்னாலேயே, தன் கூடைக்குப் பின்னால் இருக்கும் கடைக்கோட்டுக்கும் (எண்ட் லைன்) நடுக்கோட்டுக்கும் இடையில் இருக்கும் 14 மீட்டரில்.

[காட்சி: கோர்ட்டின் வரைபடம். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நடுக்கோடு சிவப்பில்.]

விதி எளிது. பந்து கைக்கு வந்த 8 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். 24 வினாடிக்குள் ஷாட் போட வேண்டும். டிரிபிள் செய்துகொண்டு, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு, வருபவளின் இரண்டு காலும் பந்தும் கோட்டைத் தாண்டினால்தான் தாண்டியதாகக் கணக்கு. எதிரணிப் பெண் பந்தைத் தட்டிப் பக்கக்கோட்டுக்கு வெளியே அனுப்பினாலும் 8 வினாடி புதிதாகத் தொடங்காது, மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும். முதலாமாண்டுப் பிள்ளைகளில் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 'பந்து நமக்குத்தானே' என்று நிதானமாக எடுத்துப் போடுவார்கள். அதற்குள் விசில் வந்துவிடும்.

யூடியூபில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தைப் பார்த்து அப்படியே ஆட நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஷாட்டுக்கு 30 வினாடி, நடுக்கோட்டுக்கு 10 வினாடி. அந்த நீளமான ஆட்ட அமைப்புகளை இங்கே 24 வினாடிக்குள் அடைக்க முடியாது.

இப்போது கணக்கு. ஓர் ஆட்டத்தில் நமக்குப் பந்து 70 முறை கிடைக்கிறது என்று வையுங்கள். பிரஸ்ஸில், அதாவது நம் பாதிக்கே வந்து எதிரணி நெருக்கிப் பிடிப்பதில், மாட்டி 25 முறை இழந்தால் கூடையை நோக்கிப் போவது 45 முறைதான். எதிரணி 15 முறை மட்டும் இழந்தால் அவர்களுக்கு 55. வித்தியாசம் 10 வாய்ப்பு. மூன்றில் ஒன்று விழுந்தாலே 6 அல்லது 7 புள்ளி போய்விடும். நம் பாதியில் பறிபோன பந்து நேராக லே-அப் (கூடைக்கு அருகே ஓடிவந்து போடும் ஷாட்) ஆகிவிடுவதை இதில் சேர்க்கவில்லை. அதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிது.

ஆகவே முதல் ஐந்து பேரை எடுக்கும்போது பந்தைக் கொண்டு வரத் தெரிந்த இரண்டு பேரிலிருந்து, அதாவது கார்டுகளிலிருந்து, தொடங்குங்கள். கூடைக்கு அருகே ஆடும் உயரமான பிள்ளையை, அதாவது சென்டரை, அப்புறம் பார்க்கலாம்.

[காட்சி: ஒரு பெண் பந்தோடு எண்ட் லைனில். எதிரே இரண்டு பேர்.]

யார் அந்த இரண்டு பேர்? பெயரையும் பள்ளிச் சான்றிதழையும் ஓரமாக வைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒருத்தி கையில் பந்து, எதிரே தடுப்பதற்கு இரண்டு டிபெண்டர்கள். எண்ட் லைனிலிருந்து 8 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். நடுக்கோட்டுப் பக்கம் பாஸ் வாங்க ஒருத்தி நிற்கலாம். ஆளுக்கு 10 முறை. அதில் 5 முறை காற்றுக்கு எதிராக, 5 முறை காற்றோடு. 10க்கு 7 முறை பந்தைப் பறிகொடுக்காமல் கொண்டு சேர்ப்பவள் நம் ஆள். எண்ணிக்கையைவிட ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: இரண்டு பேர் சூழ்ந்ததும் அவள் கண் எங்கே போகிறது? பந்தைப் பார்த்தால் பயிற்சி வேண்டும். ஆளைத் தேடினால் பாதி வேலை முடிந்தது. வேகம் குறைவாக இருந்தாலும் இரண்டாவது வகைப் பிள்ளையையே எடுப்பேன். வேகத்தை மூன்று மாதத்தில் ஓரளவு கூட்டலாம். பதற்றத்தைக் குறைப்பதற்கு அதைவிட அதிக நாள் பிடிக்கிறது.

கோர்ட்டில் எந்த நிமிடத்திலும் இப்படி இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று வைத்தால், 40 நிமிடத்துக்கு 80 நிமிட ஆட்டம் தேவை. இரண்டு பேரை மட்டும் நம்பினால் கடைசி குவார்ட்டரில் கால் ஓடாது. மூன்று பேர் வேண்டும்: 28, 27, 25 நிமிடம் என்று பிரியுங்கள். சென்டர் இடத்துக்கு இரண்டு பேர், 26 நிமிடமும் 14 நிமிடமும். மீதி இரண்டு ஃபார்வர்டு இடத்துக்கு நாலு பேர்: 24, 22, 20, 14. மொத்தம் 200 நிமிடம், 9 பேர். மிச்சம் 3 பேருக்குப் பயிற்சி ஆட்டங்களில் ஒரு குவார்ட்டராவது கட்டாயம் கொடுங்கள். போட்டி நாளில் ஒருத்தி கணுக்கால் பிசகி உட்கார்ந்தால் அவர்களில் ஒருத்திதான் இறங்க வேண்டியிருக்கும்.

நல்லா ஸ்கோர் பண்ணும் பிள்ளை என்ன ஆவாள்? அவளை ஷூட்டிங் கார்டு இடத்தில், அதாவது வெளியிலிருந்து ஷாட் எடுப்பவளாக, வையுங்கள். 14 மீட்டரும் இரண்டு பேரோடு மல்லுக்கட்டிப் பந்தைக் கொண்டுவந்தவள் ஷாட் எடுக்கும்போது முழங்கால் மடங்காது. பந்து ரிங்கின் முன்பக்கத்தில் தட்டி விழும். 'இன்னைக்கு அவளுக்கு ஃபார்ம் இல்ல' என்பார்கள். களைப்புதான் காரணம்.

[காட்சி: வரைபடத்தில் ஐந்து புள்ளிகள். பக்கக்கோட்டின் இரு மூலைகளும் நடுக்கோட்டருகே இரு மூலைகளும் சாம்பல் நிறத்தில்.]

பிரஸ்ஸை உடைக்கும் முறைக்கு வருவோம். கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போடும் வேலை முதலாமாண்டில் புதிதாக வந்தவளுக்கு வேண்டாம். கையில் 5 வினாடிதான் இருக்கிறது. உயரமான, நிதானமான ஃபார்வர்டு போடட்டும். 1ஆம் கார்டு பந்து வாங்குகிறாள். 2ஆம் கார்டு அவளுக்குச் சற்றுப் பின்னால், எதிர்ப்பக்கம் நிற்கிறாள். மற்ற ஃபார்வர்டு நடுவட்டத்தை நோக்கி ஓடிவருகிறாள். பந்தை உள்ளே போட்டவள் பக்கக்கோட்டை ஒட்டி முன்னால் ஓடுகிறாள். சென்டர் எதிர்க்கூடைக்குக் கீழே.

பந்து வாங்கியவளுக்கு மூன்றே வழி, இந்த வரிசையில்: முதலில் நடுவில் வருபவள், அடுத்து பக்கக்கோட்டில் இருப்பவள், இரண்டும் அடைத்திருந்தால் பின்னால் நிற்கும் 2ஆம் கார்டு. பின்னால் பாஸ் கொடுக்கப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள், தோற்றுப் பின்வாங்குவது போல நினைக்கிறார்கள். அந்த ஒரு பாஸில்தான் ட்ராப் போட்ட (சூழ்ந்து மறித்த) இரண்டு பேரும் வீணாகிறார்கள். பயிற்சியில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், "பின்னாடி பாரு, பின்னாடி பாரு" என்று. மூலையில் மட்டும் டிரிபிளை நிறுத்தக் கூடாது. இரண்டு கோடுகள் இரண்டு டிபெண்டர்களுக்குச் சமம். நடுக்கோட்டைத் தாண்டிய உடனே வரும் மூலை இன்னும் மோசம். அங்கே பின்னால் பாஸ் கொடுத்தால் பந்து நம் பாதிக்குத் திரும்பியதாக விசில். அதனால் தாண்டியதும் இரண்டு டிரிபிள் நடுப்பக்கமாக வர வேண்டும்.

இங்கே கச்சான் காற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். கச்சானில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்க வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அடங்கிக் கிடக்கும் என்பது பாம்பனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோர்ட்டிலும் அதே கதை. கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் காற்று நேராகக் கடலிலிருந்து உப்போடு வரும். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் நிலத்தைத் தாண்டி வருவதால் புழுதியோடு வரும். எங்கே ஆடினாலும் பெண்கள் ஆடும் 6ஆம் எண் பந்தின் எடை 500 முதல் 540 கிராம்தான். பிரஸ்ஸுக்கு மேலே தூக்கிப் போடும் நீளமான பாஸ் இந்தக் காற்றில் பக்கக்கோட்டைத் தாண்டிப் போகும். ஆகவே தலைக்கு மேல் பாஸ் வேண்டாம். நெஞ்சுக்கு நேராக 4, 5 மீட்டர் பாஸ், அல்லது தரையில் ஒரு தட்டு. ஷாட்டுக்கும் இதே நியாயம். 45 டிகிரி கோணத்திலிருந்து போர்டில் அடித்துப் போடும் ஷாட், நேராக உயர எறிவதைவிடக் காற்றில் நம்பகமானது. 6.75 மீட்டர் மூன்று புள்ளி ஷாட்டைக் காற்றடங்கிய காலை நேரத்தில் பழகுங்கள்.

ரிங்கையும் பாருங்கள். உப்புக் காற்றில் போல்ட் துருப்பிடித்து ரிங் முன்பக்கம் தொங்கிவிடும். 3.05 மீட்டர் உயரத்தை டேப் வைத்து முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். தொங்கிய ரிங்கில் ஒரு மாதம் பழகியவளுக்குத் தட்டையான ஷாட் கைக்குப் பழகிவிடும். சரியான ரிங்கில் அது முன்விளிம்பில் அடிக்கும். பிள்ளையைக் குறை சொல்வதற்கு முன்னால் ஸ்பேனரை எடுங்கள்.

[காட்சி: ஐந்து பேரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே. நடுப்பகுதி காலி.]

நடுக்கோட்டைத் தாண்டியாயிற்று. இனி என்ன ஆடுவது? நாலைந்து செட் பிளே (யார் எங்கே ஓடுவது என்று முன்கூட்டியே வகுத்த ஆட்டம்) சொல்லிக்கொடுக்க ஆசை வரும். வேண்டாம். பாம்பன், சாயல்குடி, தேவிபட்டினம் என்று திசைக்கொருத்தியாகப் பஸ் பிடித்து இருட்டுமுன் வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளைகள். மாலைப் பயிற்சிக்கு 75 நிமிடம் கிடைத்தால் பெரிது. அதில் 10 நிமிடம் உடம்பைச் சூடாக்க, 25 நிமிடம் பிரஸ் உடைக்க, 15 நிமிடம் இரண்டு கையாலும் லே-அப், 15 நிமிடம் டிபென்ஸ், மிச்சம் 10 நிமிடம் ஆட்டம். இந்த நேரத்துக்கு ஒரே ஓர் அமைப்புதான் பொருந்தும்: ஐந்து பேரும் வெளியே, பாஸ் கொடுத்தவள் கூடையை நோக்கி வெட்டி ஓட வேண்டும், அவள் விட்ட இடத்தைப் பக்கத்தில் இருப்பவள் நிரப்ப வேண்டும். ஆளுக்கு ஆள் 4 மீட்டராவது இடைவெளி. அது குறைந்தால் ஒரே டிபெண்டர் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்வாள். அமைப்பு குலைவது பெரும்பாலும் இதனால்தான். 24 வினாடியில் கடைசி 8 வினாடி மட்டும் இருக்கும்போதும் ஷாட் வரவில்லையென்றால் சென்டர் வெளியே வந்து கார்டுக்கு ஸ்கிரீன் போடட்டும், அதாவது அவளைத் துரத்தும் டிபெண்டரின் வழியில் மறித்து நிற்கட்டும்.

உயரமான பிள்ளையைப் பற்றி. கல்லூரிக்கு வரும்போது பாதிப் பேருக்குக் கூடையைப் பார்த்து நிற்கத்தான் தெரியும், ஆளைத் தடுத்து நிற்கத் தெரியாது. ஷாட் கிளம்பியதும் முதலில் தன் ஆளைத் தேடி முதுகால் தொட வேண்டும், உட்கார்வது போல இடுப்பைத் தாழ்த்த வேண்டும், அதற்குப் பிறகே பந்தைப் பார்க்க வேண்டும். கார்னரிலிருந்து தவறிய ஷாட் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் விழும், அங்கே போய் இடம் பிடிக்கட்டும். கையைக் கீழே வீசி ஃபவுல் வாங்குவது இன்னொரு கோளாறு. 5 ஃபவுலில் வெளியே. முதல் குவார்ட்டரிலேயே 2 வாங்கிவிட்டால் உட்கார வைத்து இரண்டாவது சென்டரை இறக்குங்கள், பாவம் பார்க்க வேண்டாம்.

டிபென்ஸில் 2-3 ஜோன் (முன்னால் 2 பேர், பின்னால் 3 பேர், ஆளுக்கொரு பகுதியைக் காப்பது) இந்தக் காற்றுக் காலத்தில் ஆசை காட்டும். காற்றில் எதிரணியின் வெளி ஷாட் விழாது, ஜோன் ஜெயிக்கும். ஆனால் அழகப்பா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் காற்றில்லாத இடத்தில் ஆட நேர்ந்தால் அதே ஜோனை ஃப்ரீ த்ரோ கோட்டு நடுவிலும் கார்னரிலும் கிழிப்பார்கள். முதல் மூன்று வாரம் ஆளுக்கு ஒரு ஆளைப் பிடிக்கும் மேன்-டு-மேன் மட்டும். ஜோன் அப்புறம்.

தலைத்துணி பற்றியும் இந்தக் கடற்கரையில் கேட்கிறார்கள். 2017 அக்டோபர் முதல் சர்வதேச விதி அதை அனுமதிக்கிறது. முகத்தை மறைக்கக் கூடாது, நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் இருக்கக் கூடாது, கறுப்பு, வெள்ளை அல்லது ஜெர்ஸியின் நிறமாக இருக்க வேண்டும், அணியில் எல்லாருக்கும் ஒரே நிறம். குத்தூசிக்குப் பதில் தைத்தே போடுவது கீறலைத் தவிர்க்கும்.

[காட்சி: ஸ்கோர் போர்டில் 4ஆம் குவார்ட்டர், 1:48.]

கடைசி இரண்டு நிமிடம். தொடங்கிய ஐந்து பேரே முடிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பிரஸ் போடும் அணி ஃபவுலும் அதிகம் செய்யும். ஒரு குவார்ட்டரில் 4 ஃபவுலுக்குப் பிறகு, 5ஆவதிலிருந்து நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அந்த நேரத்தில் பந்து யார் கையில் இருக்குமோ அவள்தான் கோட்டில் நிற்பாள். ஆகவே ஓடிக் களைத்த பின் 10க்கு 7 போடுகிற மூன்று பேர் கோர்ட்டில் இருக்கட்டும், உயரம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஒரு டைம்-அவுட்டை இதற்கென்றே மிச்சம் வையுங்கள். இரண்டாம் பாதிக்கு 3 டைம்-அவுட், அதில் கடைசி 2 நிமிடத்துக்கு 2தான் செல்லும். அந்த 2 நிமிடத்துக்குள், நம் பாதியில் பந்து நமக்கு இருக்கும்போது டைம்-அவுட் கேட்டால், எதிர்ப்பாதியிலேயே பந்தை உள்ளே போடலாம் என்று கோச் தீர்மானிக்க முடியும். 14 மீட்டரைக் கடக்கும் வேலையும் இல்லை, பிரஸ்ஸை உடைக்கும் வேலையும் இல்லை. ஷாட்டுக்கு 14 வினாடி கிடைக்கும், 14க்கும் குறைவாக ஓடிக்கொண்டிருந்தால் அந்த மிச்சம். பந்தை உள்ளே போடும் ஃபார்வர்டு யார், வாங்கும் கார்டு யார் என்பதை இப்போதே எழுதி வைத்து, ஒவ்வொரு பயிற்சி ஆட்டத்தின் கடைசி 2 நிமிடத்திலும் ஒருமுறை ஆடிப் பாருங்கள். பந்தை உள்ளே போடும் இடம் நடுக்கோட்டருகே அல்ல, ஸ்கோர் மேசைக்கு எதிர்ப்பக்கம், மூன்று புள்ளிக் கோட்டின் உச்சிக்கு நேராகப் பக்கக்கோட்டுக்கு வெளியே குறித்திருக்கும் சிறு கோட்டில். உங்கள் கோர்ட்டில் அந்தக் கோடு அழிந்திருந்தால் எண்ட் லைனிலிருந்து 8.325 மீட்டர் அளந்து பெயிண்ட் அடித்துவிடுங்கள்.