பிள்ளையை எதில் சேர்க்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம். ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டீச்சர், லீவுல பிள்ளையை எதுல சேர்க்கலாம்? செஸ்ஸா, கிரிக்கெட்டா, சிலம்பமா?" அவன் எதைக் கேட்கிறான் என்று திருப்பிக் கேட்டால், பல பேருக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. பக்கத்தில் நிற்கும் பையன்தான் முந்திக்கொண்டு சொல்வான். நான் அவன் பக்கம்.

2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து செஸ் மேல் எல்லோருக்கும் ஆசை. நல்ல ஆட்டம்தான். ஆனால் பிரக்ஞானந்தா வீட்டுக்குள் செஸ் எப்படி வந்தது தெரியுமா? அக்கா வைஷாலி டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான் அவரை அதில் சேர்த்தார்கள். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தம்பியும் பலகை முன் உட்கார்ந்தார். இன்று இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள். அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு கிடைக்குமா என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கே கணக்குப் போடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் உட்கார்ந்த பிள்ளை டியூஷனிலும் உட்கார்ந்து, அப்புறம் செஸ், ஓவியம், கீபோர்டு என்று மறுபடியும் உட்கார்ந்தால் உடம்பு எப்போது அசையும்? 5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்ணுக்கும் வெளிச்சம் வேண்டும். தைவானில் சின்ன வயதிலேயே கிட்டப்பார்வை வருவதைத் தடுக்க, 2010 முதல் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்கும்படி பள்ளிகளில் ஏற்பாடு செய்தார்கள். அதனால் உட்கார்ந்து பழகும் கலை ஒன்று இருந்தால், ஓடி ஆடும் விளையாட்டு ஒன்றும் கூடவே இருக்கட்டும்.

அதற்காக எட்டு வயதிலேயே ஒரே விளையாட்டில் ஆண்டு முழுவதும் பூட்டி வைக்க வேண்டாம். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு 15, 16 வயது வரை பல ஆட்டங்களை ஆடவிடுவதே நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-இல் சொன்னது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வும் வேண்டும் என்றது. வளரும் எலும்பு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பத் தாங்காது. வேகப்பந்து வீசும் பையன்களுக்கு இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் விரிசல் விழுவது இதனால்தான். "வளர்ற வலி, சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். ஓய்வு கொடுத்தும் வலி குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீச்சலை இந்தத் தேர்வுக்குள்ளேயே நான் சேர்ப்பதில்லை. அது எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கிணற்றிலும் கண்மாயிலும் கல்குவாரித் தண்ணீரிலும் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம். விவரம் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். நீந்தத் தெரிந்த பிள்ளையையும் தனியாகத் தண்ணீருக்கு அனுப்பக் கூடாது.

இன்னொன்று, என் மனசை மிகவும் அறுப்பது. ஏழாம் வகுப்பு வரை கோகோவில் பறந்து பறந்து தொடும் பெண் பிள்ளை, எட்டாம் வகுப்பில் மைதானத்துக்கு வருவதில்லை. கேட்டால், "பெரிய பிள்ளை ஆயிட்டா டீச்சர், இனிமே எதுக்கு?" என்கிறார்கள். எலும்பு வலுவைச் சேர்த்துக்கொள்ளும் வயதே அந்த வளரிளம் பருவம்தான். மாதவிடாய் நாளிலும் உடம்பு ஒத்துழைத்தால் ஆடலாம், எந்தக் கெடுதலும் இல்லை. அவளுக்குத் தேவை அளவான உள்ளாடை, வசதியான ஆடை, தண்ணீர் வரும் கழிவறை, கீரையும் முட்டையும் உள்ள சாப்பாடு, பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரை. இதில் வீட்டில் முடிந்ததை நீங்கள் செய்யுங்கள். கழிவறையை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். ஒரு அம்மா எழுந்து கேட்டால் நான்கு அம்மாக்கள் கூடவே கேட்பார்கள்.

பெரிய தொகை கட்டினால்தான் நல்ல பயிற்சி என்றில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டரங்குகளில் கோடைப் பயிற்சி முகாம் நடத்துகிறது. பாட்டு, நடனம், ஓவியம் என்றால் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. 5 முதல் 16 வயது வரை சேரலாம்.

எங்கே சேர்த்தாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலை முழுக்க அங்கே உட்கார்ந்து பாருங்கள். சுமாராக ஆடும் பிள்ளைக்கும் பந்து கிடைக்கிறதா, தோற்றவனைப் பயிற்சியாளர் எப்படிப் பேசுகிறார், அடிபட்டால் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று கவனியுங்கள். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்று சொன்னால், அங்கே சேர்க்காதீர்கள். சேர்த்த பிறகு இரண்டு மாதமாவது பொறுத்துப் பாருங்கள். அதற்கப்புறமும் கிளம்பும் நேரத்தில் தினமும் அழுதால், பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துக் காரணத்தைக் கேளுங்கள். ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடலாம். அங்கே யாரையாவது கண்டு பயம் என்றால் அன்றைக்கே நிறுத்திவிட்டு, என்ன நடந்தது என்று விசாரியுங்கள்.

நன்றி, வணக்கம்.