கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, இந்தத் தலைப்பில் பேச என்னைவிடத் தகுதி மிக்கவராக இருந்தும் முன்வரிசையில் அமர்ந்து கேட்க இசைந்திருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, என் கடிதங்களுக்கெல்லாம் சலிக்காமல் பதில் எழுதிய வணிகவியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, வர்த்தகர் சங்கப் பொறுப்பாளர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். முதல்வர் அவர்கள் என்னைப் பற்றிக் கூறியவற்றில் பாதியை அவருடைய பெருந்தன்மையின் கணக்கில் எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

ஒப்பந்தம், நிறுவனத்தின் தனி ஆளுமை, வணிக அறம் ஆகிய மூன்றைப் பற்றியும் நான் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். ‘இன்னது செய்கிறேன், இசைகிறீரா’ என்று ஒருவர் முன்வைக்கும் முனைவு, மற்றவர் தரும் ஏற்பு, ஒன்றுக்கு ஈடாக இருவருக்கும் இடையே கைமாறும் மறுபயன், சட்டத்தால் நிறைவேற்றத்தக்க நோக்கம் ஆகியவை கூடினால் ஒப்பந்தம் பிறக்கிறது. ‘எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா’ என்பது நான் மேடைதோறும் சொல்லும் பழமொழி. வாய்மொழி ஒப்பந்தமும் பெரும்பாலும் செல்லும் என்று நீதிபதி ஐயா திருத்துவார். செல்லும்தான், ஆனால் அதை மெய்ப்பிக்க வேண்டிய நாளில்தான் அழுகை தொடங்குகிறது.

1891ஆம் ஆண்டு லண்டனில் நடந்ததைக் கேளுங்கள். இன்ஃபுளுவென்சா மக்களை வாட்டிய அந்த நாளில், கார்பாலிக் அமிலப் பொடி நிரப்பி மூக்கால் உறிஞ்சும் ரப்பர்ப் பந்து ஒன்றை விற்ற நிறுவனம், அதை நாளுக்கு மூன்று முறை வீதம் இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் காய்ச்சல் கண்டால் 100 பவுண்டு தருவதாகவும், தன் நேர்மைக்குச் சான்றாக 1,000 பவுண்டை வங்கியில் வைத்திருப்பதாகவும் நாளிதழில் விளம்பரம் செய்தது. லூயிசா கார்லில் என்ற பெண்மணி பந்தை வாங்கி, நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஒழுங்காக உறிஞ்சினார். காய்ச்சலும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. வழக்குரைஞரான கணவர் பணத்தைக் கேட்டு எழுதியபோது, ஏமாற்றுக்காரர்களைத் தவிர்க்க வேண்டுமாதலால் அம்மையார் நாள்தோறும் தங்கள் அலுவலகத்துக்கே வந்து செயலாளர் கண்முன் உறிஞ்ச வேண்டும் என்று நிறுவனம் பதில் எழுதியது. (அரங்கில் சிரிப்பு.) பின்னாளில் பிரதமரான ஆஸ்குவித்தே நிறுவனத்துக்காக வாதாடியும் பயனில்லை; விளம்பரம் வெறும் பெருமைப் பேச்சு என்ற வாதம், அந்த வங்கி வைப்பைக் கண்டதும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சரிந்தது. அம்மையார் 96 வயது வரை வாழ்ந்து 1942இல் மறைந்தபோது, மருத்துவர் குறித்த காரணங்களில் முதுமையோடு இன்ஃபுளுவென்சாவும் இருந்தது என்பது தனிக் கதை.

பாடநூல் தீர்ப்போடு நின்றுவிடும். எனக்கு வேண்டியது அதற்குப் பின் நடந்தது. தோற்ற நிறுவனம் 1893இல் பரிசை 200 பவுண்டாக உயர்த்தி மறுபடியும் விளம்பரம் செய்தது. ஆனால் இம்முறை, கேட்டுப் பெற வேண்டிய தனி நிபந்தனைகளுக்கு முன்கூட்டியே கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்தது. தோல்வியிலிருந்து வணிகம் நேர்மையைக் கற்கவில்லை, பொடி எழுத்தைக் கற்றுக்கொண்டது என்பதே என் கருத்து. 1934இல் லெஸ்ட்ரேஞ்ச் என்ற உணவு விடுதி உரிமையாளர், தாம் வாங்கிய சிகரெட் விற்பனை இயந்திரம் வேலை செய்யாமல் போகவே நீதிமன்றம் சென்றார். படிக்காமல் கையெழுத்திட்ட தாளின் பொடி எழுத்து அவர் உரிமையைப் பறித்திருந்தது. கையெழுத்திட்டவர் கட்டுப்பட்டவர் என்று தீர்ப்பாயிற்று. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்றவர்கள், எழுதியும் படிக்காத கடனைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 13ஆம் பிரிவு, இருவர் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஒப்புக்கொள்வதே இசைவு என்கிறது. புரியாத மொழியில் அச்சான நாற்பது பக்கக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுபவரும், கைப்பேசியில் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துபவரும் எந்தக் கருத்தில் இசைகிறார்கள்? ஆகவேதான், பொதுமக்களோடு செய்யும் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் கையெழுத்திடுபவரின் மொழியில் ஒரு பக்க முகப்புத் தாள் வேண்டும் என்றும், செலுத்த வேண்டிய மொத்தத் தொகை, தவறினால் வரும் தண்டம், விலகும் வழி ஆகிய மூன்றும் பெரிய எழுத்தில் அதில் இருக்க வேண்டும் என்றும், முகப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் முரண் வந்தால் முகப்பே செல்ல வேண்டும் என்றும் ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திராமல் தாமாகவே செய்யும் வணிகரைத்தான் அறமுடையவர் என்பேன். வர்த்தகர் சங்கத்தார் இங்கேயே தொடங்கலாம்.

நிறுவனம் அதன் உரிமையாளரினின்றும் வேறான சட்ட ஆள் என்பதை நிலைநாட்டிய 1897ஆம் ஆண்டு சாலமன் வழக்கை விரித்துரைக்க நேரமில்லை என்று முதல்வர் அவர்கள் குறிப்புச் சீட்டு அனுப்பியிருக்கிறார். வணிக அறத்தின் கோட்பாடுகளைத் துறைத் தலைவர் அம்மையார் வகுப்பில் என்னைவிடச் செம்மையாக விளக்குவார். முகப்புத் தாளுக்கான கோரிக்கை மனு வாயிலருகே மேசையில் இருக்கிறது. அதையும் முழுவதும் படித்து, ஐயமிருந்தால் என்னைக் கேட்டு, உடன்படுகிறவர்கள் மட்டும் கையெழுத்திடுங்கள். நன்றி, வணக்கம்.